கிடக்கட்டும் என்று விட்ட மடிக்கணினி

தீபாவளிக்கு முந்திய வாரம் வீட்டைத் துப்புரவு செய்தபோது, படுக்கையறை அலுமாரியின் மேல் பழைய சேலையொன்றில் சுற்றி வைத்திருந்த மடிக்கணினியைக் கீழே இறக்கினேன். ஒன்றரை ஆண்டுக்கு மேலாக அது அங்கே இருந்தது. மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி, கனடாவிலிருந்து வந்த அவளுடைய மாமா புதிதொன்றைக் கொடுத்துவிட்டுப் போன நாளிலிருந்து, இந்தக் கணினியைப் பற்றி வீட்டில் யார் கேட்டாலும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: கிடக்கட்டும், எதற்காவது உதவும். வைத்திருப்பதா, யாருக்காவது கொடுத்துவிடுவதா என்ற கேள்வியை அன்றைக்குத்தான் முதன்முறையாக ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேன். அதற்கு விடை காண ஒரு மாதம் சென்றது. இதே போன்ற கணினி பல வீடுகளில் கிடக்கும் என்பதால், நான் யோசித்த வழியை இங்கே எழுதி வைக்கிறேன்.

அது ஒரு லெனோவோ திங்க்பேட் டி460. 14 அங்குலத் திரை, இன்டெல் ஐ5-6300யூ செயலி, 8 ஜிகாபைட் ரெம், 256 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பு வட்டு). 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர், கைபேசியின் சின்னத் திரையில் ஸூம் வகுப்பைப் பார்த்துப் பார்த்து மகளுக்குக் கண்ணில் நீர் வடியத் தொடங்கியது. அதனால் 2021 ஜனவரியில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மூன்று நாள் ஏறி இறங்கி, 68,000 ரூபாய்க்கு இதை வாங்கினோம். ஜப்பானிலிருந்து வரும் வாகனங்களால் ரீகண்டிஷன் என்ற சொல் இந்த நாட்டில் எல்லோருக்கும் பழகிய சொல். கணினி விடயத்திலும் அதன் பொருள் ஏறக்குறைய அதுவேதான். வெளிநாட்டு நிறுவனங்கள் சில ஆண்டுகள் பாவித்துவிட்டு மொத்தமாகக் கழிக்கிற கணினிகளை வாங்கி, துடைத்து, ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, எழுத்தழிந்த விசைப்பலகையை மாற்றி, ஏ கிரேட், பி கிரேட் என்று தரம் பிரித்து விற்கிறார்கள். எங்களுடையதன் மூடியில், ஏதோவொரு நிறுவனத்தின் சொத்து இலக்கம் ஒட்டியிருந்த இடம் நீள்சதுரமான தழும்பாகத் தெரிந்தது. அதாவது எங்களிடம் வருமுன்பே அது ஒருமுறை வேண்டாமென்று கழிக்கப்பட்டு, முகம் தெரியாத ஒருவர் சிரத்தையோடு திருத்தியதால் பிழைத்து வந்த பொருள். இதை நான் பின்னர்தான் எண்ணிப்பார்த்தேன்.

வைத்திருக்க வேண்டும் என்ற பக்கத்தில் முதலில் வந்து நின்றது 2022 ஆம் ஆண்டு. அந்த மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குப் போனது. மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டியது. அச்சுத்தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. நான் வீட்டிலிருந்து நூல்களுக்குப் பக்க வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிறவள்; தாளும் இல்லை, மின்சாரமும் இல்லை என்ற அந்த மாதங்களில், வந்த கொஞ்ச வேலையையாவது குறித்த நாளில் முடித்துக் கொடுக்க முடிந்தது இந்தக் கணினியால்தான். டி460 இல் இரண்டு பற்றரிகள் உண்டு: ஒன்று உள்ளே, மற்றையது அடியில் கழற்றக்கூடியதாக. கணினியை நிறுத்தாமலே கழற்றும் பற்றரியை மாற்றிக்கொள்ளலாம். மகள் பகலில் படித்தாள், இரவில் நான் அதன் வெளிச்சத்திலேயே மெய்ப்புப் பார்த்தேன். அந்த ஆண்டு இறுதியில் அதே கடையில் அதே வகைக் கணினிக்கு 130,000 ரூபாய் சொன்னார்கள். அப்படியொரு காலத்தைக் கடந்தவர்களுக்கு, ஓடுகிற ஒரு பொருளை வீட்டைவிட்டு அனுப்புவது இலேசான காரியமல்ல. நாளைக்கு இறக்குமதி மறுபடியும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று மனம் கேட்கும். அந்தக் கேள்வியை வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது.

இரண்டாவது காரணம் தொழில் சார்ந்தது. இருபது ஆண்டுகளாக நான் வடிவமைத்த நூல்களில் பெரும்பாலானவை பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில் உள்ளன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வெளிவந்தது 2001 இல். 2004 இல் அடொபி அதை மேலும் வளர்ப்பதை நிறுத்திவிட்டது. ஆனாலும் நம்முடைய அச்சகங்களில் அது அதன் பின்னரும் பல்லாண்டு ஓடியது. பாமினியில் தமிழ் எழுத்துக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் அமர்ந்திருப்பதால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஒருவருடைய கவிதைத் தொகுதி முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். என்னுடைய இப்போதைய மேசைக் கணினியில் பேஜ்மேக்கர் ஒழுங்காக ஓடவில்லை. டி460 இல் ஓடியது. ஆகவே அது என் பழைய வேலை முழுவதற்கும் ஒரு திறவுகோல் போல இருந்தது.

இவ்வளவு காரணங்களோடு சார்ஜரைச் செருகி, பொத்தானை அழுத்தினேன். திகதி பிழை என்று அறிவித்துக்கொண்டு திரை எழும்பியது. தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற சிறு பற்றரி இறந்திருந்தது. அடியிலுள்ள பற்றரி மின்னேற்றத்தையே ஏற்கவில்லை. உள்ளேயிருந்த பற்றரியின் நிலையை, விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து பற்றரி அறிக்கை எடுக்கிற வழியில் பார்த்தேன்: வடிவமைப்பில் 23 வாட்-மணி, இப்போது கொள்வது 11. இரண்டு யூ.எஸ்.பி. துளைகளின் விளிம்பில் துரு படிந்திருந்தது. நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையிலுள்ள தொடர்மாடியில். கடற்காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும், சேலைத் துணி அதற்கு எம்மாத்திரம்?

அலுமாரியின் மேல் பத்திரமாக இருக்கிறது என்று நான் நினைத்திருந்த ஒவ்வொரு மாதமும் அது கெட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இலிதியம் பற்றரியை முற்றாக வெறுமையாக்கி விட்டுவைத்தால் அது மீளாமல் போய்விடும். நிறைய ஏற்றி வெப்பத்தில் வைத்தாலும் விரைவில் முதுமையடையும். பாதியளவு ஏற்றி, குளிர்ச்சியான இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். கொழும்பின் வெக்கையில், கூரையை அண்டிய அலுமாரி உச்சியில், ஒன்றரை ஆண்டு திரும்பியும் பாராமல் விட்டது வைத்திருத்தல் ஆகாது. மின்வெட்டுக்கு உதவும் என்று நான் காத்து வைத்த பொருளில் முதலில் செத்தது மின்வெட்டுக்கு உதவக்கூடிய பகுதிதான். வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் அதைக் கிடக்கத்தான் விட்டிருந்தேன். எடுத்துப் பாவித்து, பராமரித்து, அடுத்த அவசரத்துக்கு ஆயத்தமாக வைத்திருக்க எனக்கு மனமும் நேரமும் உண்டா என்று கேட்டபோது, இல்லை என்பதே நேர்மையான விடையாக இருந்தது.

அந்த வாரத்திலேயே இன்னொன்றும் நடந்தது. 2025 ஒக்டோபர் 14 உடன், இந்தக் கணினியில் இருந்த விண்டோஸ் 10 க்கான இலவசப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் வழமைப்படி முடிவுக்கு வந்தன. வீட்டுப் பாவனையாளர்களுக்கு ஓராண்டு நீட்டிக்கும் திட்டமொன்றை மைக்ரோசொப்ட் அப்போது அறிவித்திருந்தது, ஆனால் அதுவும் 2026 ஒக்டோபர் வரைக்குத்தான். விண்டோஸ் 11 ஏற்றலாம்தானே என்று கேட்பவர்கள், செயலியின் பெயரிலுள்ள இலக்கத்தைப் பார்க்க வேண்டும். ஐ5-6300யூ என்பதில் 6 என்பது ஆறாவது தலைமுறை. விண்டோஸ் 11 இன்டெல் செயலிகளில், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, எட்டாவது தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும். தடையைச் சுற்றிக்கொண்டு போட்டுத் தருவதாகக் கடைகளில் சொல்வார்கள். அப்படிப் போட்ட கணினிக்கு இற்றைப்படுத்தல் கிடைக்கும் என்பதற்கு மைக்ரோசொப்ட் பொறுப்பேற்பதில்லை. எனவே இந்தக் கணினியை நான் அப்படியே இன்னும் ஓராண்டு வைத்திருந்தால், கொடுக்கும் தகுதியையும் அது இழந்துவிடும். முடிவைத் தள்ளிப்போடுவதே ஒரு முடிவாகிவிடும் என்ற நிலை.

விற்கலாம் என்பதை நான் அதிகம் யோசிக்கவில்லை. திருத்துநர் ஒருவர் 22,000 தருவதாகச் சொன்னார். அது நியாயமான விலைதான். ஆனால் அந்தப் பணத்தால் எங்கள் வீட்டில் எதுவும் மாறப்போவதில்லை, கணினியில்லாத ஒரு வீட்டில் இந்தக் கணினியால் நிறைய மாறும்.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் எனக்குத் தடுமாற்றம் இருந்தது. ஊரிலுள்ள எங்கள் சனசமூக நிலையத்துக்குக் கொடுத்தால் பலருக்குப் பயன்படும் என்று என் கணவர் சொன்னார். கேட்க அது அறமாகத்தான் தோன்றும். பல ஆண்டுகளுக்கு முன்னர் நாங்கள் ஒரு பாடசாலைக்கு மேசைக் கணினியொன்றைக் கொடுத்தோம். மாலை போட்டு, படம் எடுத்து, பெற்றுக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த வழியால் போனபோது பார்க்கப் போனேன். அதிபரின் அறையில், பூவேலை செய்த துணியால் மூடி, கொடுத்த அன்றைக்கு இருந்த அதே புதுமையோடு அது இருந்தது. அங்கே மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது, யூ.பி.எஸ். இல்லை, பழுதானால் யார் பதில் சொல்வது என்று ஆசிரியர்களுக்குப் பயம், பிள்ளைகளைத் தொட விடுவதில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த இடத்தில் மின்சாரம் எப்படி, யார் பாவிப்பார்கள், கெட்டால் யாரிடம் கேட்பார்கள் என்ற மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்காமல் கொடுத்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். பொதுவுக்கு என்று கொடுக்கும் கணினிக்கு அதைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அப்படியொருவர் இல்லாத இடத்தில், ஒரு பிள்ளையின் மேசையில் இருக்கும் கணினி ஒரு மண்டபத்தின் மூலையில் இருக்கும் கணினியைவிடப் பல மடங்கு உழைக்கும் என்பது என் திடமான எண்ணம்.

கிளிநொச்சியில் என் ஒன்றுவிட்ட தங்கை இருக்கிறாள். அவளுடைய மகள், எனக்குப் பெறாமகள், அடுத்த ஆண்டு உயர்தரம் எழுதுகிறாள். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் அவளுடைய பாடங்களில் ஒன்று. அந்தப் பாடத்திட்டத்தில் பைதன் என்ற கணினி மொழியில் நிரலாக்கம் உண்டு. வீட்டில் கணினி இல்லாததால் நிரல்களைக் கொப்பியில் எழுதிப் படிப்பதாகவும், பாடசாலை ஆய்வுகூடத்தில் முறை கிடைக்கிற நாளில் ஓட்டிப் பார்ப்பதாகவும் தங்கை முன்பொருமுறை பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தாள். அந்த நேரத்திலேயே எங்கள் அலுமாரியின் மேல் இந்தக் கணினி கிடந்தது என்பதை நினைக்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் தொலைபேசியில் கேட்டபோது தங்கை உடனே சம்மதிக்கவில்லை. “உங்களுக்குத் தேவைப்படும் அக்கா, வைத்திருங்கோ” என்றாள். பிள்ளைதான் தொலைபேசியை வாங்கி, “பெரியம்மா, அதில் பைதன் ஓடுமோ?” என்று கேட்டாள். அத்தோடு முடிவு செய்துவிட்டேன்.

கொடுக்கப் போகிற பொருளுக்கு ஏன் மேலும் செலவு என்று வீட்டில் கேள்வி வந்தது. அடியிலுள்ள பற்றரி புதிது, நாணயப் பற்றரி, உள்ளே தூசி தட்டிச் செயலிக்குப் புதிய வெப்பப் பசை, யூ.எஸ்.பி. துளைகளின் துரு நீக்கம் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் ஆனது. பாதித் திறனே உள்ள உட்பற்றரியை மட்டும் நம்பி மடிக்கணினியைக் கிளிநொச்சிக்கு அனுப்பினால், மின்வெட்டு நீளும்போதெல்லாம் அவளுடைய வேலை பாதியில் நிற்கும்; ஒரு மாதத்தில் அந்தச் செலவு தங்கையின் தலையில் விழும். திருத்தாத கணினியைக் கொடுப்பது நம்முடைய செலவை இன்னொரு வீட்டுக்கு மாற்றிவிடுவதாகும், அதுவும் நன்றியோடு வாங்கிக்கொள்ள வைத்து. செத்த பற்றரியைக் குப்பைக்குள் போடவில்லை. நசுங்கினால் தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் சேர்ப்பித்தேன். 2022 இல் உலகம் முழுவதும் 6.2 கோடித் தொன் மின்கழிவு சேர்ந்தது என்றும், அதில் 22.3 வீதம் மட்டுமே முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தக் குவியலில் என் கையால் சேர இருந்தது முழுக் கணினி. சேர்ந்தது ஒரு பற்றரி.

அடுத்தது பேஜ்மேக்கர் கோப்புகள். இரண்டு வாரம், இரவு உணவுக்குப் பின் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் பி.டி.எப். ஆக மாற்றினேன், மீண்டும் பதிப்பிக்கக்கூடியவை என்று தோன்றிய நூல்களின் உரையைப் பாமினியிலிருந்து, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றி வைத்தேன். மாற்றும்போது ஒற்றுப்புள்ளிகள் இடம்மாறும், சில இடத்தில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வரி வரியாகப் பார்க்க வேண்டியிருந்தது. பத்தாண்டுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது. பழைய கணினியைத் திறவுகோலாக வைத்துக்கொண்டு பூட்டை மாற்றாமல் இருந்திருக்கிறேன். இரண்டு மறைந்த எழுத்தாளர்களின் நூல்கள் அவற்றுள் இருந்தன. அவர்களுடைய பிள்ளைகளிடம் கோப்புகளை அனுப்பியதோடு, உரிமையாளர்கள் விரும்பினால் இணையத்தில் இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்துக்கும் கொடுக்கலாம் என்று எழுதினேன்.

தரவை அழிப்பதில் நான் முதலில் பிழை செய்யப் பார்த்தேன். கோப்புகளை அழித்துக் குப்பைத் தொட்டியை வெறுமையாக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் கோப்பின் முகவரிதான் போகும், உள்ளடக்கம் இருக்கும். அதில் எங்கள் தேசிய அடையாள அட்டைகளின் படங்கள், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் பக்கங்கள், மற்றவர்கள் என்னை நம்பித் தந்த அச்சேறாத கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் இருந்தன. பழைய ஹார்ட் டிஸ்காக இருந்தால் முழுவதையும் ஒருமுறை மேலெழுதினால் போதுமானது. எஸ்.எஸ்.டி. அப்படியல்ல: தேய்மானத்தைப் பரப்புவதற்காக அது எழுதும் இடத்தைத் தானாகவே மாற்றிக்கொண்டிருப்பதால், மேலெழுதுதல் சில இடங்களைத் தொடாமலே விட்டுவிடும். அதற்கென்று அந்த வட்டுக்குள்ளேயே செக்யூர் இரேஸ் என்ற கட்டளை இருக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸை யூ.எஸ்.பி. குச்சியிலிருந்து இயக்கி அந்தக் கட்டளையைக் கொடுத்தபோது, வட்டு அந்தக் கட்டளையை ஏற்காத உறைநிலையில் இருப்பதாகச் சொல்லி மறுத்தது. கணினியைத் தூங்க வைத்து எழுப்பினால் அந்த உறைநிலை விலகும் என்று மகள் தேடிச் சொன்னாள், அப்படியே நடந்தது. அதற்கு முன்னர் கூகிள், மைக்ரோசொப்ட் கணக்குகளிலிருந்தும் கணினியில் திறந்திருந்த வாட்ஸ்அப்பிலிருந்தும் வெளியேறி, கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் கடவுச்சொல் எதுவும் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். திங்க்பேட்டில் அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் நீக்குவது மிகக் கடினம்.

பின்னர் லினக்ஸ் மின்ட் 22 ஏற்றினோம். 2029 வரை அதற்கு இற்றைப்படுத்தல் உண்டு, 8 ஜிகாபைட் ரெம் அதற்குத் தாராளம், பைதன் அதிலேயே இருக்கிறது, வேர்ட் கோப்புகளை லிப்ரே ஒபிஸ் திறக்கும். பாடசாலையில் விண்டோஸ் பழகிய பிள்ளை தடுமாறுவாளோ என்று எனக்கு ஒரு கவலை இருந்ததால், அவளிடமே கேட்டேன். ஆசிரியர் லினக்ஸைப் பற்றிப் படிப்பித்திருக்கிறார், கண்ணால் கண்டதில்லை என்றாள். தமிழ் எழுத நம் நாட்டு ரங்கநாதன் விசைப்பலகையையும் தமிழ்99 ஐயும் சேர்த்து வைத்தேன். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களையும், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்திலிருந்து கடந்தகால வினாத்தாள்களையும் இறக்கி ஒரு கோப்புறையில் போட்டேன். டேட்டாவுக்குக் காசு போட்டுத்தான் அவள் இணையத்துக்கு வர வேண்டும்.

யாழ்ப்பாணம் போகிற இரவுப் பேருந்துகள் எங்கள் வீட்டுக்கு அருகிலேயே புறப்படுவதால், பார்சலாகப் போட்டுவிடுவதுதான் இங்கே வழக்கம். கணினியை அப்படி அனுப்ப மனம் வரவில்லை. நவம்பரில் தங்கையின் கணவர் கடவுச்சீட்டு அலுவலாகக் கொழும்பு வந்தார். அவர் கையிலேயே கொடுத்தேன். சார்ஜர், பை ஆகியவற்றோடு, கடவுச்சொல்லும் செய்யக்கூடாதவையும் எழுதிய ஒரு தாளும் வைத்தேன். பரீட்சை முடியும் வரை எது பழுதானாலும் எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், திருத்தும் செலவு என்னுடையது, அதன் பிறகு விற்பதோ வேறு பிள்ளைக்குக் கொடுப்பதோ அவளுடைய விருப்பம் என்று அதில் எழுதியிருந்தேன்.

நான்காம் நாள் காலையில் பெறாமகளிடமிருந்து தொலைபேசி வந்தது. பற்றரி 80 வீதத்துக்கு மேல் ஏறாமல் நிற்கிறது, இரவு முழுவதும் போட்டுப் பார்த்தும் அப்படியே நிற்கிறது, தான் எதையாவது கெடுத்துவிட்டேனோ என்று பயந்த குரலில் கேட்டாள். பற்றரி நீண்ட காலம் உழைக்க வேண்டும் என்று நான்தான் அந்த எல்லையை வைத்தேன், தாளில் எழுத மறந்துவிட்டேன் என்றேன். அப்படியானால் அதை எங்கே மாற்றுவது என்று கேட்டாள். கட்டளைச் சாளரத்தைத் திறக்கச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தாக வாசித்துக் காட்டினேன். அவள் திரையில் தெரிவதை எனக்கு வாசித்தாள். கடைசியில், 80 இலேயே இருக்கட்டும் பெரியம்மா என்று சொல்லிவிட்டு, தான் எழுதிய நிரலொன்று ஏன் இரண்டாவது சுற்றில் நின்றுவிடுகிறது என்று கேட்டாள். அதற்கு மகளைக் கூப்பிட்டேன்.